பெற்றோல் எரியேக்க உண்மையில என்ன நடக்குது? கியூவில நிண்டு வாங்கின கேள்வியளும் என்ர பதிலும்

இலங்கையில பெற்றோல் தட்டுப்பாடா இருந்த 2022 ஆனி ஆடி மாசங்களில நானும் என்ர மோட்டச்சைக்கிளும் பெற்றோல் செட் வாசலிலதான் குடியிருந்தனாங்கள். நான் ஏஎல் பிள்ளையளுக்கு கெமிஸ்ற்றி ரியூசன் குடுக்கிறனான், அது முன்னுக்கும் பின்னுக்கும் நிண்ட ஆக்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதோட துவங்கினதுதான் உந்தக் கேள்வியள் எல்லாம். 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாக்கு ஏறி, பிறகு கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டில வாங்கிற முறை வந்து, மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் எண்டு அளந்து குடுத்த நேரம், ஒவ்வொரு சொட்டுக்கும் சனம் கணக்குக் கேட்டது. அங்க நிண்டு சொன்னதையும், பிறகு மச்சானின்ர கராஜில இருந்து கதைச்சதையும் சேர்த்து எழுதியிருக்கிறன். ஒழுங்கா வரிசையாத்தான் வாசிக்கோணும் எண்டில்லை.

ஒரு லீற்றர் பெற்றோலில எவ்வளவு சக்தி கிடக்கு சேர்?

கிட்டத்தட்ட 32 மெகாயூல். கிலோக் கணக்கில சொன்னா 43, 44 மெகாயூல் வரும், ஆனா பெற்றோல் தண்ணியை விட லேசு, ஒரு லீற்றர் 740, 750 கிராம்தான் நிறுக்கும், அதாலதான் லீற்றருக்குக் குறையுது.

மெகாயூல் எண்டா ஆருக்கும் பிடிபடாது, கரண்ட் பில்லில வாற யூனிற்றுக்கு மாத்துவம். ஒரு யூனிற் 3.6 மெகாயூல். அப்ப ஒரு லீற்றர் பெற்றோல் எண்டது 9 யூனிற் கரண்ட் மாதிரி. ஒரு 10 வாற்று பல்ப்பை அணைக்காமல் 900 மணித்தியாலம் எரிய விடலாம்.

அதுவும் பிடிபடேல்லை எண்டா கிணத்தடிக்கு வாங்கோ. முந்தி எங்கட தோட்டங்களில துலா மிதிச்சு, பட்டையால அள்ளித்தான் இறைப்பு. ஒரு ஆள் எட்டு மணித்தியாலம் நாரி முறிய வேலை செய்தா, உடம்பால வெளியில குடுக்கிற வேலை ரெண்டு மெகாயூல் சொச்சம்தான் வரும். அப்ப அந்த ஒரு லீற்றர் கானுக்குள்ள பதினைஞ்சு ஆளின்ர ஒருநாள் உழைப்பு கிடக்கு. ஆறு மீற்றர் ஆழத்துக் கிணத்தில இருந்து அஞ்சு லட்சம் லீற்றருக்கு மேல தண்ணியை மேல தூக்கலாம். எல்லாச் சக்தியும் வேலையா மாறினா எண்டு வைச்சுச் சொல்லுற கணக்கு இது. அப்பிடி மாறாது, அந்தக் கவலைக் கதை கீழ வரும்.

அந்தச் சக்தி பெற்றோலுக்குள்ள எங்க ஒளிச்சிருக்கு? பிணைப்பை உடைச்சா வெளிய வருமெண்டுதானே படிச்சனாங்கள்?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏனெண்டா முக்கால்வாசிப் பேர் பிழையாத்தான் விளங்கி வைச்சிருக்கினம், ஏஎல்லில ஏ எடுத்த ஆக்களும் சேர்த்து.

பிணைப்பை உடைச்சா சக்தி வராது. உடைக்கிறதுக்கு நாங்கள்தான் சக்தி குடுக்கோணும். ரெண்டு காந்தத் துண்டு ஒட்டிக்கிடந்தா இழுத்துப் பிரிக்க கை நோகும், கிட்டக் கொண்டுபோய் விட்டா டக்கெண்டு ஒட்டும். அந்த டக்கில வாறதுதான் சக்தி. அணுக்களும் அப்பிடித்தான், புதுப் பிணைப்பு உருவாகேக்கதான் வெளிய விடும்.

கணக்கைப் பாருங்கோ, கொப்பியில எழுதிப் பாக்க விருப்பமான ஆக்கள் எழுதிப் பாருங்கோ. பெற்றோல் எண்டது ஒரு தனிப் பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான ஐதரோகாபன் சேர்ந்த கலவை, ஆனா கணக்குக்கு ஒக்ரேனை எடுப்பம். அதில எட்டுக் காபன், பதினெட்டு ஐதரசன். மூல் எண்டது டசின் மாதிரி மூலக்கூறை எண்ணுற ஒரு அளவு. ஒரு மூல் ஒக்ரேன், அதாவது 114 கிராம், எரிய பன்னிரண்டரை மூல் ஒட்சிசன் வேணும்.

முதல் செலவு. காபன் ஐதரசன் பிணைப்பு 18, ஒண்டு 413 கிலோயூல். காபன் காபன் பிணைப்பு 7, ஒண்டு 347. ஒட்சிசனின்ர இரட்டைப் பிணைப்பு பன்னிரண்டரை, ஒண்டு 498. எல்லாத்தையும் உடைக்க 16,088 கிலோயூல் கையால போகுது.

இனி வரவு. எட்டுக் காபனீரொட்சைட்டு மூலக்கூறுக்குள்ள 16 காபன் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு, ஒண்டு 799. ஒன்பது தண்ணி மூலக்கூறுக்குள்ள 18 ஒட்சிசன் ஐதரசன் பிணைப்பு, ஒண்டு 463. கூட்டினா 21,118.

கழிச்சா மிச்சம் 5,030 கிலோயூல். 114ஆல பிரிச்சா கிராமுக்கு 44 கிலோயூல், கிலோவுக்கு 44 மெகாயூல். மேல சொன்ன அதே இலக்கம். பிணைப்புச் சக்தி எல்லாம் சராசரிப் பெறுமானம்தான், எண்டாலும் இவ்வளவு கிட்ட வந்து நிக்குது. வகுப்பில இந்தக் கணக்கைச் செய்து முடிக்கேக்க பின்வாங்கில் பெடியளும் நிமிந்து பாப்பாங்கள்.

இப்ப அந்த ஒட்சிசனின்ர 498ஐத் திருப்பிப் பாருங்கோ. இரட்டைப் பிணைப்பு, ஆனா நோஞ்சான். அதே ஒட்சிசன் காபனோட இரட்டையாச் சேர்ந்தா 799. லாபம் வாறது அங்கதான். ஒட்சிசன் மூலக்கூறு இறுக்கமில்லாமல் சோடி சேர்ந்து நிக்குது, நல்ல சோடி கிடைச்சா பாஞ்சுபோகும். அதால, எரியிறது விறகா இருக்கட்டும் தேங்காய் எண்ணெயா இருக்கட்டும் நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட சோறா இருக்கட்டும், ஒரு மூல் ஒட்சிசன் செலவழிஞ்சா வாற வெப்பம் பெரும்பாலும் 400இல இருந்து 470 கிலோயூலுக்குள்ளதான் நிக்கும்.

அப்ப சக்தி பெற்றோலுக்குள்ள கிடக்கெண்டு சொல்லுறது அரைவாசிக் கதை. பெற்றோலும் ஒட்சிசனும் பிரிஞ்சு நிக்குதே, அந்தப் பிரிவுக்குள்ளதான் கிடக்கு. செட்டில நாங்கள் காசு குடுத்து வாங்கிறது ஒரு பக்கத்தை மட்டும், மற்றப் பக்கம் ஓசியில காத்தில வருது.

அப்ப ரெண்டையும் ஆர் பிரிச்சு வைச்சது?

சூரியன். கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்திக் கடலில மிதந்த நுண்ணிய பாசியள் ஒளித்தொகுப்புச் செய்து, காபனையும் ஐதரசனையும் உடம்பில வைச்சுக்கொண்டு ஒட்சிசனை வெளிய விட்டதுகள். அதுகள் செத்து அடியில தாண்டு, மேல மண் மூடி, சூட்டிலயும் அமுக்கத்திலயும் மசகு எண்ணெய் ஆகினது. டைனோசர் இல்லை, கார்ட்டூனைப் பாத்திட்டு வந்து கேக்காதேங்கோ.

காத்து எவ்வளவு செலவாகுது?

ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காத்து. லீற்றரில எண்டா 11 கிலோ காத்து, கிட்டத்தட்ட ஒன்பது கன மீற்றர். பத்தடிக்குப் பத்தடி அறையில மூண்டில ஒரு பங்கு காத்து ஒரு லீற்றருக்கே போயிடும். நாலு லீற்றர் கோட்டாவை ஓடி முடிச்ச ஆள் ஒரு அறைக் காத்துக்கு மேல குடிச்சிட்டார் எண்டு அர்த்தம், அதுக்கு கியூஆரும் இல்லை கியூவும் இல்லை.

உதாலதான் எயார் ஃபில்டரைப் பற்றி மச்சான் வாறவை எல்லாரோடயும் சண்டை பிடிக்கிறவர். செம்மண் ரோட்டில ஓடி ஃபில்டர் அடைச்சா, கார்பரேட்டர் வண்டியில பெற்றோல் கூடிக் காத்துக் குறைஞ்சுபோகும், காபன் முழுசா எரியாது, காபனீரொட்சைட்டுக்குப் பதிலா காபனோரொட்சைட்டில நிண்டிடும். இதில நட்டம் எவ்வளவு தெரியுமோ? ஒரு மூல் காபன் முழுசா எரிஞ்சா 393 கிலோயூல். காபனோரொட்சைட்டோட நிண்டா 110தான். மிச்சம் 283ம் சைலன்சரால வெளிய. ஒரு ஒட்சிசன் அணு குறைஞ்சதுக்கு முக்கால் பங்குக்குக் கிட்டப் போச்சு.

பகிடியை விட்டிட்டு ஒண்டு சொல்லுறன். அந்தக் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ரத்தத்தில ஒட்சிசன் ஏற விடாது, ஆள் நித்திரையிலயே போயிடும். கரண்ட் இல்லாத நேரம் ஜெனரேற்றரை வீட்டு விறாந்தையிலயோ பூட்டின கராஜுக்குள்ளயோ வைச்சு ஓட்டாதேங்கோ, யன்னல் திறந்து கிடக்கு எண்டு சமாதானம் சொல்லவும் வேண்டாம்.

பெற்றோலையும் காத்தையும் ஒரே கானுக்குள்ள வைச்சிருக்கிறம், தானா எரியேல்லையே?

சந்தோசப்படுங்கோ. கணக்கில முதல் செலவு எண்டு சொன்னனே, அதில கொஞ்சத்தை ஆராவது முதல் போடோணும். வேதியியலில ஏவற்சக்தி எண்டு சொல்லுறது அதைத்தான். நெருப்புக்குச்சியோ பிளக்கில வாற பொறியோ சில மூலக்கூறுகளை உடைச்சுவிடும், அது சேரேக்க வாற வெப்பம் பக்கத்தில இருக்கிறதை உடைக்கும், பிறகு அது தன்பாட்டில ஓடும். சீட்டுப் பிடிக்கிற மாதிரி, முதல் காசு கையில இருந்து போகோணும்.

ஆனா அந்த முதல் காசு மிகச் சின்னக் காசு. பெற்றோல் ஆவியைப் பத்த வைக்க ஒரு மில்லியூலே தேவையில்லை. நைலோன் சேட்டைக் கழட்டேக்க சடசடவெண்டு வருமே, அந்தப் பொறி காணும்.

பெற்றோலுக்குள்ள நெருப்புக்குச்சியைப் போட்டா அணைஞ்சிடும் எண்டு ஒரு பெடியன் சொல்லுறான், உண்மையோ?

அவனைக் கிட்ட நிக்க விடாதேங்கோ. திரவப் பெற்றோல் எரியாது எண்டது உண்மை, எரியிறது அதில இருந்து எழும்பிற ஆவிதான். ஆவி காத்தோட 1.4 வீதத்துக்கும் 7.6 வீதத்துக்கும் இடையில கலந்திருந்தாத்தான் பத்தும், அதுக்குக் கூடினாலும் குறைஞ்சாலும் பத்தாது. ஆனா அவன் குச்சியைக் கிட்டக் கொண்டு போகேக்கயே வழியில எங்கயோ ஒரு இடத்தில அந்த அளவு இருக்கும், குச்சி திரவத்தைத் தொட முதல் மீசை போயிடும்.

பெற்றோல் மறை 40 பாகைச் செல்சியசுக்குக் கீழயே பத்துற அளவு ஆவி விடும். யாழ்ப்பாணத்து வெயிலில அது பத்தத் தயாரா நிக்காத நேரமே இல்லை. மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல வேணும், டீசலுக்கு 55க்கு மேல, அதாலதான் மண்ணெண்ணெய் விளக்கைத் துணிஞ்சு வீட்டுக்குள்ள வைச்சனாங்கள். பெற்றோல் ஆவி காத்தை விட மூண்டு நாலு மடங்கு பாரம், மேல போகாது, நிலத்தோட ஊந்து போய்க் குசினி அடுப்பைத் தேடிப் பிடிக்கும். தட்டுப்பாட்டு நேரம் தண்ணிப் போத்தலில எல்லாம் அடைச்சுக் கட்டிலுக்குக் கீழ வைச்ச ஆக்களை எனக்குத் தெரியும், நானும் ஒரு கான் வைச்சிருந்தனான், மனிசி கண்டு வெளியில எறிஞ்சவ, அவ செய்ததுதான் சரி.

வெடிமருந்தை விடப் பெற்றோலுக்குச் சக்தி கூட எண்டு யூரியூப்பில போகுது, அது சரியோ?

கிலோவுக்குக் கிலோ பாத்தா சரிதான், ரீஎன்ரீ கிலோவுக்கு நாலு, நாலரை மெகாயூல், பெற்றோல் 44. பத்து மடங்கு. ஆனா இது கள்ளக் கணக்கு. ரீஎன்ரீ தனக்கு வேண்டிய ஒட்சிசனில ஒரு பங்கைத் தன்ர மூலக்கூறுக்குள்ளயே காவிக்கொண்டு வருது, பெற்றோல் அதைக் காத்தில இருந்து எடுக்குது, அந்தக் காத்தின்ர பாரத்தை நாங்கள் நிறுக்கேல்லை. பெற்றோலையும் அதுக்கு வேண்டிய காத்தையும் சேர்த்து நிறுத்தா கிலோவுக்கு 2.8 மெகாயூல்தான் வரும், ரீஎன்ரீயை விடக் குறைவு. வித்தியாசம் வேகத்தில கிடக்கு. எங்கட ஊரில வளந்த ஆக்களுக்கு அந்த வேகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எஞ்சினுக்குள்ள என்ன நடக்குது?

உறிஞ்சும், அமுக்கும், எரிக்கும், வெளிய தள்ளும். நாலு அடி. 1876இல ஜேர்மனியில நிக்கொலாஸ் ஒட்டோ ஓட்டிக் காட்டினதுதான் இண்டைக்கும் உங்கட சீற்றுக்குக் கீழ ஓடுது. பிஸ்டன் கலவையை ஒன்பதில பத்தில ஒரு பங்கா அமுக்கினாப்பிறகு பிளக் பொறி விடும், சில மில்லி செக்கனுக்குள்ள சுவாலை ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்குப் பரவி முடியும், உள்ளுக்கு வெப்பம் 2000 பாகைக்கு மேல ஏறும். வெடிக்கிறது எண்டு சனம் சொல்லுறது, சரியாப் பாத்தா வெடி இல்லை, விறுவிறெண்டு எரியிறது. சூடான காத்து விரிய இடம் கேக்குது, பிஸ்டன் விலகிக் குடுக்குது, அவ்வளவுதான். காத்தில முக்கால்வாசிக்கு மேல நைதரசன், அது எரியிறேல்லை, ஆனா சூடாகி விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளுற வேலையில பெரும்பங்கு அதின்ரதான். உந்த நைதரசனை ஆரும் ஒரு பொருட்டாக் கணக்கெடுக்கிறேல்லை.

ஒரு முறை எவ்வளவு பெற்றோல் எரியும் எண்டு மச்சானும் நானும் கணக்குப் பாத்தம். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடுற நூறு சிசி வண்டி, மணிக்கு 50இல போகேக்க எஞ்சின் நிமிசத்துக்கு 5000 சுத்து எண்டு வைப்பம். ரெண்டு சுத்துக்கு ஒரு எரி. யாழ்ப்பாணம் டவுனில இருந்து பருத்தித்துறைக்குப் போய்வர ஒரு லீற்றர் சொச்சம் முடியும், அதுக்குள்ள ஒண்டேமுக்கால் லட்சம், ரெண்டு லட்சம் தரம் பத்தி எரிஞ்சிருக்கும். ஒரு தரத்துக்கு நாலு மில்லிகிராம். நுளம்பு ரெண்டின்ர பாரம் அளவு.

9 யூனிற் எண்டியள், அப்ப ஏன் என்ர வண்டி இவ்வளவுதான் ஓடுது? மிச்சம் எங்க?

உங்கட காலைக் கேளுங்கோ, சைலன்சரில சுட்ட அடையாளம் சொல்லும். பெற்றோல் எஞ்சின் நல்லா ஓடினா நாலில ஒரு பங்கைத்தான் வேலையா மாத்தும். மூண்டில ஒரு பங்கு அளவில புகையோட சூடாப் போகும், அதேயளவு சிலின்டர் செட்டையாலயும் ரேடியேற்றராலயும் காத்துக்குப் போகும், கொஞ்சம் உரஞ்சலில. 32 மெகாயூலுக்கு எட்டுத்தான் சக்கரத்துக்கு. பதினைஞ்சு ஆளின்ர உழைப்பை வாங்கி நாலு பேரைத்தான் வேலைக்கு அனுப்புறம், மற்றவை வழி முழுக்கச் சூடாகிக்கொண்டு சும்மா வாறினம்.

கம்பனிக்காரர் மோசமாச் செய்யிறதால வாற நட்டமில்லை இது. வெப்பத்தை வேலையா மாத்தினா ஒரு பங்கைக் குளிர்ப் பக்கத்துக்குக் குடுத்தே ஆகோணும் எண்டது இயற்கையின்ர சட்டம். பத்து மடங்கு அமுக்கிற எஞ்சின், உரஞ்சலே இல்லை எண்டு வைச்சாலும், புத்தகக் கணக்கில 60 வீதத்தைத் தாண்டாது. நிசத்தில சுவருக்கு வெப்பம் போகும், வால்வு நேரத்தோட திறக்கும், ஆக்ஸிலேற்றரைக் குறைச்சுப் பிடிச்சா உறிஞ்சவே கஸ்டப்படும். கஸ்தூரியார் வீதியில சனத்துக்குள்ள நிண்டு நிண்டு போனா இன்னும் மோசம், நிக்கிற வண்டி எரிச்ச முழுவதும் வீண்.

92 அடிக்கவோ 95 அடிக்கவோ? 95இல சக்தி கூடத்தானே?

இல்லை. ரெண்டிலயும் சக்தி ஏறத்தாழ ஒண்டுதான். ஒக்ரேன் இலக்கம் சக்தியைச் சொல்லுறேல்லை, அமுக்கேக்க பொறி வர முதல் தானாப் பத்தாமல் எவ்வளவு பொறுமையா நிக்கும் எண்டதைத்தான் சொல்லுது. ஐசோஒக்ரேனுக்கு 100, நேர்ச்சங்கிலி ஹெப்ரேனுக்கு 0 எண்டு வைச்சு அளக்கிறது. பொறுமை காணாட்டி ஏத்தத்தில கிலுக்கிலுக்கெண்டு நொக்கிங் சத்தம் கேக்கும், பிஸ்டனுக்குக் கூடாது.

முந்தி அந்தப் பொறுமைக்கு ஈயம் கலந்தவை, 1921இல அமெரிக்காவில கண்டுபிடிச்சது, பிள்ளையளின்ர மூளைக்கு நஞ்செண்டு பிறகுதான் நிப்பாட்டினவை. இலங்கையில 2002இல நிண்டது. கடைசியா அல்ஜீரியா 2021இல.

உங்கட வண்டிப் புத்தகத்தில 92 காணும் எண்டு போட்டிருந்தா 95 அடிக்கிறது காசைக் கரியாக்கிற வேலை. கூட அமுக்கிற எஞ்சினுக்கு 95 கேட்டிருந்தா அடியுங்கோ, அங்க அது பிரயோசனம். எங்கட பெடியள் இதை நம்பமாட்டாங்கள், 95 அடிச்சா இழுவை வேற மாதிரி எண்டுவாங்கள். காசு குடுத்தவனுக்கு இழுவை தெரியத்தானே வேணும்.

தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில கார் ஓடினது எண்டு அப்பா சொல்லுறவர், உண்மையோ புழுகோ?

முழு உண்மை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரவே விடேல்லை, கள்ளமா வந்தது தங்கம் மாதிரி. கரண்டும் இல்லை. எங்களுக்குப் படிக்க ஜாம் போத்தல் விளக்கு, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ ஃபோட்டி மாதிரிப் பழைய கார்களுக்குக் குடிக்க மண்ணெண்ணெய். ரெண்டும் ஒரே போத்தலில இருந்து. நான் அப்ப ஓஎல் படிச்சுக்கொண்டிருந்தனான், சித்தப்பாவிட்ட ஒரு மொறிஸ் மைனர் நிண்டது, அதை ஸ்ராட் பண்ணுறது ஒரு பூசை மாதிரி.

சின்ன மருந்துப் போத்தலில பெற்றோல் வைச்சிருப்பார், அதைச் சட்டைப் பையிலதான் வைப்பார், வேற ஆரையும் தொட விடமாட்டார். கொஞ்சத்தைக் கார்பரேட்டருக்குள்ள விட்டு, பெடியளை விட்டுத் தள்ளி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகினாப்பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். வழியில நிண்டு குளிந்தா திரும்பவும் அந்தச் சொட்டுப் பெற்றோல் வேணும், அதால சாமான் வாங்க இறங்கினாலும் எஞ்சினை நிப்பாட்டார். பின்னால வெள்ளைப் புகை, கண் எரியும், ஊர் முழுக்க அந்த மணம்.

இப்ப யோசிச்சா அது அவ்வளவும் சுத்தமான வேதியியல். மண்ணெண்ணெயில சக்தி குறைவெண்டு நினைக்காதேங்கோ, லீற்றருக்கு 34, 35 மெகாயூல், பெற்றோலை விட ஏழெட்டு வீதம் கூட. சிக்கல் சக்தியில இல்லை, ஆவியாகிறதில. மண்ணெண்ணெயின்ர மூலக்கூறு பெரிசு, பத்துப் பன்னிரண்டு காபனுக்கு மேல, குளிர்ந்த எஞ்சினுக்குள்ள சொட்டுச்சொட்டா நிக்குமே தவிர ஆவியாகாது, ஆவியில்லாட்டி ஒட்சிசனோட கலக்காது, கலக்காட்டிப் பொறி விட்டும் பிரயோசனமில்லை. எஞ்சின் சூடாகினா அந்தச் சூட்டில ஆவியாகும். பெற்றோல் சொட்டு வாங்கித் தந்தது அந்தச் சூட்டைத்தான்.

பிறகு ஒக்ரேன் இலக்கம். மண்ணெண்ணெய்க்கு அது மிகக் குறைவு, இண்டைய எஞ்சினுக்குள்ள விட்டா நொக்கிங்கில எஞ்சின் பிரிஞ்சுபோகும். ஆனா அந்தப் பழைய இங்கிலாந்துக் கார்கள் ஏழு எட்டு மடங்குதான் அமுக்கும், அதால தாக்குப்பிடிச்சுது. புதுக் கார் வைச்சிருந்த ஆக்கள் நிப்பாட்டி வைக்க, ஆரும் மதிக்காத கிழட்டு மொறிஸ் மைனர் ராசா மாதிரி ஓடினது அதாலதான். சும்மா ஓடினதெண்டும் இல்லை, எரியாத மண்ணெண்ணெய் சிலின்டர் சுவரால வடிஞ்சு கீழ எஞ்சின் ஒயிலோட கலந்து அதைத் தண்ணியாக்கிப் போடும், பிளக்கில கரி பிடிக்கும், சித்தப்பாவின்ர ஞாயிற்றுக்கிழமையள் எல்லாம் பிளக் உரஞ்சிறதிலயே போச்சு.

டீசல் ஏன் கூட ஓடுது?

ரெண்டு காரணம். டீசல் அடர்த்தி கூட, அதால லீற்றருக்கு 36 மெகாயூல். கிலோவுக்குப் பாத்தா பெற்றோலும் டீசலும் ஒண்டுதான். மற்றது, டீசல் எஞ்சின் கூட அமுக்கும், காத்து வாற வழியை நெரிக்கிற துரொட்டில் மூடியும் இல்லை, அதால கூடப் பங்கை வேலையாக்கும்.

காலமை வெள்ளணப் போய் அடிச்சா பெற்றோல் இறுக்கமா இருக்கும், லாபம் எண்டுறினம்?

பெற்றோல் சூட்டில விரியும் எண்டது சரி, பத்துப் பாகைக்கு ஒரு வீதம் அளவில. ஆனா செட்டின்ர தாங்கி நிலத்துக்குக் கீழ, அங்க காலமையும் மத்தியானமும் கிட்டத்தட்ட ஒரே சூடு. நித்திரையைக் கெடுக்காதேங்கோ.

மார்கழியில சைலன்சரால தண்ணி ஒழுகுது, எஞ்சின் பழுதோ?

இல்லை, அது உங்கட பெற்றோல்தான். மேல கணக்கில ஒன்பது தண்ணி மூலக்கூறு வந்ததே. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி வரும், 2.3 கிலோ காபனீரொட்சைட்டும் வரும். 740 கிராம் பெற்றோலில இருந்து எப்பிடி இவ்வளவு பாரம் எண்டு கேக்கப்போறியள், மிச்சப் பாரம் ஓசி ஒட்சிசனின்ர. சூட்டில நீராவியாப் போறதால காணிறேல்லை, சைலன்சர் குளிந்து கிடக்கிற நேரம் மட்டும் ஒடுங்கி ஒழுகும். அந்த நீராவி ஒடுங்கி வெப்பத்தைத் திருப்பித் தந்தா லீற்றருக்கு 34 மெகாயூல் எண்டு கணக்கு வரும், சில இடங்களில அந்த இலக்கத்தைக் காணுவியள், ரெண்டும் சரிதான். எஞ்சினுக்கு அது பிரயோசனப்படாததால நான் 32 எண்டு சொல்லுறன்.

அப்ப பற்றரி பைக் வாங்குவமோ?

பற்றரி கிலோவுக்கு ஒரு மெகாயூல்கூடப் பிடிக்காது, பெற்றோல் 43க்கு மேல. பாத்தா போட்டியே இல்லை. ஆனா மோட்டர் பத்தில எட்டு ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் குடுக்கும். பெற்றோல் வண்டி ஒரு கிலோமீற்றருக்கு 0.15 யூனிற் தின்னுது எண்டா, சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் 0.03 யூனிற்றோட போகும். ஊருக்குள்ள ஓடுற ஆளுக்கு வாய்ப்புத்தான்.

தோற்கிறது நிரப்பிற நேரத்தில. செட்டில பைப்பால நிமிசத்துக்கு 30 லீற்றர் வருது எண்டு வைச்சா, அது 16 மெகாவாற்று வேகத்தில சக்தி பாயிறது. சுன்னாகத்தில நிக்கிற உத்துரு ஜனனி மின் நிலையம் முழு மூச்சா ஓடினா 24 மெகாவாற்று. அதில மூண்டில ரெண்டு பங்கு ஒரு றப்பர் குழாய்க்குள்ளால, ஒரு பெடியன் போனைப் பாத்துக்கொண்டே அடிக்கிறான். வெப்பமும் கரண்டும் ஒண்டில்லை எண்டு நீங்கள் சண்டைக்கு வரலாம், சரி, நாலில ஒண்டெண்டு எடுத்தாலும் நாலு மெகாவாற்று.

கடைசிக் கேள்வி சேர், பனஞ்சாராயத்தில ஓடுமோ?

கியூவில மூண்டாம் நாள் இரவு இதைக் கேட்டவரின்ர கையில ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. மதுசாரம் எரியும், பிரேசிலில கார் ஓடுது. ஆனா எதனோல் மூலக்கூறுக்குள்ள ஏற்கெனவே ஒரு ஒட்சிசன் குந்தியிருக்கு, அதாவது அது ஏற்கெனவே கொஞ்சம் எரிஞ்சு முடிஞ்ச சாமான், அதால கிலோவுக்கு 27 மெகாயூல்தான், லீற்றருக்கு 21. தேங்காய் எண்ணெய்க்கும் அதே கதை, ஒட்சிசன் கொஞ்சம் உள்ள இருக்கு, கிலோவுக்கு 37. சாராயத்தில எண்டா பாதிக்கு மேல தண்ணி, அந்தத் தண்ணியை ஆவியாக்கவே சக்தி போயிடும், எஞ்சின் இருமும், ஓடாது. அதைச் சொன்ன உடன அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, அப்ப வண்டிக்குக் குடுக்கிறது வீண்தானே எண்டு சொல்லி மிச்சத்தைத் தானே முடிச்சார். விடிய ஆறு மணிக்கு பவுசர் வந்தது, அவர் நித்திரை, எழுப்பி அவரின்ர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது நாங்கள்தான்.